மணல் எங்கே போனது?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பெங்களூர் மெஜஸ்டிக் பக்கம் போயிருக்கிறீர்களா? முதுகில் பையும் கையில் செல்போனுமாக ஓர் இளைஞர் கூட்டம் ஸ்லீப்பர் பஸ்களைத் தேடி அலைந்துகொண்டிருக்கும். பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போகிறவர்கள். பாக்கிப் பேருக்கு ஊர் முக்கியமில்லை. சனி, ஞாயிறைக் கழிக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். குடகு, ஹம்பி, கோகர்ணம் என்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பல வருஷங்களாக அசையாமல் இடம் பிடித்திருக்கும் ஊர் பாண்டிச்சேரி. 2006-ல் பெயரைப் புதுச்சேரி என்று அதிகாரபூர்வமாக மாற்றியாயிற்று. ஆனால் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு அது இன்னமும் 'பாண்டி'தான்.

என் தங்கை மகள் போன மாதம் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சிவில் எஞ்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டராவது படித்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அவள் அறைச் சுவரில் பிரான்ஸ் நாட்டு நீஸ் நகரத்துக் கடற்கரைச் சாலையின் படம் ஒட்டியிருக்கிறது. விசா, டிக்கெட், வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய இருப்பு என்று என் மைத்துனர் ஒரு மாலைப்பொழுது முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றார். அந்த 'அடுத்த வருஷம்' எப்படிப்பட்டது என்று நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவள் அழவில்லை. மூன்று தோழிகளைச் சேர்த்துக்கொண்டு பாண்டிச்சேரிக்கு டிக்கெட் போட்டாள்.

"அதுவும் பிரெஞ்சுக்காரன் கட்டின ஊர்தானே மாமா. விசா வேண்டாம். சாம்பார் கிடைக்கும்."

முன்னூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக ஓர் இரவுப் பயணம். திங்கட்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேராக மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் படங்களைக் காட்ட ஆரம்பித்தாள். மஞ்சள் சுவர், அதன்மேல் சாய்ந்து விழும் காகிதப்பூக் கொடி. நீலப் பலகையில் தமிழிலும் பிரெஞ்சிலும் தெருப் பெயர். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர். காந்தி சிலை, அதைச் சுற்றிலும் உயரமான கருங்கல் தூண்கள். அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்றேன். "செஞ்சியா? அதைத் தாண்டும்போது நான் நல்ல தூக்கம்" என்றாள்.

நாற்பது ஐம்பது படங்களுக்குப் பிறகு ஒரு படத்தில் விரல் நின்றது. கறுப்புக் கறுப்பாகப் பெரிய பாறாங்கற்கள். அவற்றின்மேல் நுரையாக உடையும் அலை. பின்னால் கம்பி வேலி.

"மாமா, எல்லாரும் இதை பீச்ங்கறாங்க. மேப்லயும் பீச்னுதான் போட்டிருக்கு. ஊர் நடுவுல முக்கால்வாசி தூரம் வெறும் கல்லுதான். பீச் எங்கே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த பீச்சை எனக்குத் தெரியும்.

1979-ல் நானும் மாணவன்தான். நாங்கள் நாலு பேர் இதே பெங்களூரிலிருந்து, ஸ்லீப்பர் என்ற சொகுசெல்லாம் இல்லாத பஸ்ஸில், முழங்கால் முன்சீட்டில் இடிக்க இடிக்கப் போனோம். எங்களுக்கும் பாண்டிச்சேரி என்றால் வெளிநாடுதான். அதற்கான காரணங்களை இங்கே எழுத வேண்டியதில்லை. சாயங்காலம் கடற்கரைச் சாலைச் சுவரிலிருந்து கீழே குதித்தோம். குதித்த இடத்தில் மணல் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அலை வரைக்கும் நடந்தோம். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். இருட்டும்வரை பேசினோம். என்ன பேசினோம் என்பது மறந்துவிட்டது. பாண்ட் மடிப்பிலிருந்து பெங்களூர் வந்த பிறகும் மணல் உதிர்ந்துகொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த மணல் எங்கே போயிற்று என்றுதான் அவள் கேட்கிறாள். சிவில் எஞ்ஜினீயரிங் படிக்கிற பெண்ணுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. பதில் அவளுடைய துறையிலேயே இருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள், பிரெஞ்சுக்காரர்கள் வந்த நாளிலிருந்து இந்த ஊர் இப்படியே இருந்து வருகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் இந்த நகரத்தைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளைக்காரர் குடியிருப்பையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்து, கால் நூற்றாண்டு காலம் தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்னால் அதே ஜனவரியில் கண்ணை மூடினார். அந்த இடிபாட்டை அவர் பார்க்கவில்லை. சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. 1765-லிருந்து புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். இன்று நாம் பார்ப்பது அந்த இரண்டாவது ஊரின் மிச்சம்.

மிச்சத்திலும் ஒட்டுப்போட்டது உண்டு. கடற்கரைச் சாலையில் உள்ள 'மேரி' என்ற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்து விழுந்தது. அதே சாயலில் மறுபடியும் கட்டி 2021-ல் திறந்தார்கள். என் மருமகளின் படத்தில் பின்னணியாக நிற்கும் 'பழங்கால' மாளிகைக்கு அவளைவிட வயது குறைவு. இதில் தப்பொன்றும் இல்லை. படமும் அளவும் இருந்தால் கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். கடற்கரைக்கு அப்படி ஒரு வரைபடம் கிடையாது.

இனி மணலுக்கு வருகிறேன். நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. அது ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய மாதங்களில் அலைகள் சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திருப்பித் தள்ளுகின்றன. வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். வருஷத்துக்குச் சில லட்சம் கன மீட்டர் மணல் இப்படிக் கரையோரமாக வடக்கு நோக்கி ஊர்வலம் போகிறது. ஓர் ஊரின் கடற்கரை என்பது அந்த ஊர்வலத்தில் அப்போதைக்கு அந்த இடத்தைக் கடக்கும் மணல். போகிற மணலுக்குப் பதில் தெற்கேயிருந்து புது மணல் வருகிறவரைக்கும் கரை அப்படியே இருப்பது போலத் தோன்றும்.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இங்கே அலை தடுத்துக் கட்டிய துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் கப்பல் வந்தது, குண்டு போட்டது, 'சலங்கு' போனது வந்தது என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். சலங்கு என்பது பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்த படகு உடைந்துபோகிற அலையிலும் இது வளைந்து கொடுத்துக் கரை சேரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்குள் நீளும் ஒரு பாலம் கட்டினார்கள். 1952 புயலில் அது அழிந்தது. பிறகு இன்னொரு பாலம் வந்தது. அதன் ஒரு பகுதி 2022 மார்ச்சில் உடைந்து விழுந்தது. இந்தப் பாலங்கள் எல்லாம் தூண்கள்மேல் நின்றவை. அடியில் தண்ணீரும் போகும், மணலும் போகும்.

1980-களின் பிற்பகுதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகம் கட்டினார்கள். முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க இரண்டு பக்கமும் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் தடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். தூணுக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கதை முழுவதும். வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. அந்தப் பக்கம், வீராம்பட்டினத்தை ஒட்டிக் கரை அகலமாயிற்று. இந்தப் பக்கம், நகரத்துக் கரையிலிருந்து வடக்கே போகிற மணல் போய்க்கொண்டே இருந்தது. ஈடுகட்ட வரவேண்டியது வரவில்லை. சம்பளம் நின்றுபோன வீட்டில் செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. சில வருஷங்களில் மணல் தீர்ந்து, கடல் சாலைச் சுவரைத் தொட்டது. சாலையைக் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள்.

திட்டம் போட்டவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். தெற்கே சேரும் மணலை எடுத்துக் குழாய் வழியாக வடக்கே அனுப்பும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. சுவர் வந்தது. குழாய் ஏற்பாடு மட்டும் ஓட வேண்டிய அளவுக்கு ஓடவில்லை. நம் ஊரில் கட்டுவதற்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு, திறப்பு விழா உண்டு. தினமும் மோட்டாரைப் போட்டு ஓட்டுவதற்கு எந்த விழாவும் கிடையாது. பராமரிப்பு என்ற தலைப்பில் ஒதுக்கும் பணத்துக்கு நேரும் கதி அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

இதில் ஆச்சரியம், இந்தப் பாடத்தை நாம் நூறு வருஷத்துக்கு முன்பே சென்னையில் படித்து முடித்திருந்தோம் என்பது. அங்கே 1870-களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து பரந்த மெரினா உண்டாயிற்று. கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து, சிசிலித் தீவின் நினைவில் அதற்கு மெரினா என்று ஐரோப்பியப் பெயரும் சூட்டினார். சுவருக்கு வடக்கே ராயபுரத்துப் பக்கம் கடல் கரையைத் தின்றது. மெரினாவில் பட்டாணிச் சுண்டல் சாப்பிடுகிற நாம் ராயபுரத்துக்காரர்களின் மணல்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்றே சொல்லலாம். பாண்டிச்சேரியில் கணக்கு அதேதான். நகரம் மட்டும் சுவருக்குத் தப்பான பக்கத்தில் அமைந்துவிட்டது.

என் மருமகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோழிகள் தூங்கிக்கொண்டிருந்தபோது கற்களை ஒட்டியே வடக்கே நடந்திருக்கிறாள். நகரம் முடிந்து குருசுக்குப்பம் வந்தது. அங்கேயும் கல். ஒரு வயதான மீனவர் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். இவள் கேட்ட கேள்விக்கு அவர் கையை நீட்டிக் கடலுக்குள் ஓர் இடத்தைக் காட்டி, "அது வரைக்கும் மண்ணு இருந்திச்சும்மா. படகை இழுத்து வெச்சிட்டு அதுலயே படுத்துக்குவோம்" என்றிருக்கிறார். அவர் காட்டிய இடத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது.

உலாவ வருகிறவனுக்கு மணல் பொழுதுபோக்கு. மீனவனுக்கு அதுதான் படகுத்துறை, வலை காயும் முற்றம், மீன் விற்கும் சந்தை, வீட்டுக்கும் அலைக்கும் நடுவே இருக்கும் காவல். கல்லைக் கொட்டினால் கல்லுக்குப் பின்னால் இருக்கும் வீடு தப்பும். கல் முடிகிற இடத்தில் அரிப்பு இன்னும் மூர்க்கமாக ஆரம்பிக்கும். ஆகவே கல் வடக்கே வடக்கே நீண்டுகொண்டு போகிறது. வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டினால் மாநில எல்லை. அப்பால் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. துறைமுகம் ஓர் அரசாங்கத்துடையது, இடிகிற வீடு இன்னோர் அரசாங்கத்துடையது. மனு எங்கே கொடுப்பது என்பதே அந்த ஜனங்களுக்கு ஒரு பிரச்னை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். துறைமுகம் வேண்டாத சொத்தல்ல. தேங்காய்த்திட்டில் விசைப்படகுகள் நிற்கின்றன. அதை நம்பியும் மீனவக் குடும்பங்கள் பிழைக்கின்றன. கல்லைத் திட்டுகிறோம், ஆனால் 2004 டிசம்பர் சுனாமியின்போது நகரத்தின் நடுப்பகுதி பெரிய சேதமில்லாமல் பிழைத்ததற்கு அந்தக் கற்சுவரையே காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. சுவரை இடி, துறைமுகத்தை மூடு என்பது காரியத்துக்கு ஆகாத பேச்சு. நின்றுபோன மணலை யாராவது எடுத்து அந்தப் பக்கம் போட வேண்டும், வருஷா வருஷம் போட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 'பாண்டிகேன்' என்ற குடிமக்கள் அமைப்பு இதைத்தான் பல காலமாக, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வந்தது.

கேட்டதற்குப் பலனும் கொஞ்சம் கிடைத்தது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஒரு திட்டம் தயாரித்தது. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டைத் தண்ணீருக்கு அடியில் இறக்கினார்கள். அலையின் வேகம் அதன்மேல் குறையும், பின்னால் மணல் தங்கும் என்பது கணக்கு. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்தில் ஜனங்கள் காலை மணலில் வைத்தார்கள். பருவத்துக்குப் பருவம் அது கூடும், குறையும். என் மருமகளின் படங்களிலும் அந்தத் துண்டு மணல் இருந்தது. ஒரு குழந்தை அதில் குழி தோண்டிக்கொண்டிருந்தது. "இது பழைய மணலா, கொண்டுவந்து போட்ட மணலா மாமா?" என்றாள். குழந்தைக்கு வித்தியாசம் தெரியாதம்மா என்றேன்.

அவள் போக ஆசைப்பட்ட ஐரோப்பாவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் மஞ்சள் சுவரைவிட அதிக உபயோகமான பாடம் கிடைக்கிறது. கடலுக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் நாடு நெதர்லாந்து. அங்கே 2011-ல் தி ஹேக் நகருக்குத் தெற்கே 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கரையோரம் குவித்து வைத்தார்கள். 'மணல் இயந்திரம்' என்று அதற்குப் பெயர். இயந்திரம் ஒன்றும் இல்லை. காற்றும் அலையும் நீரோட்டமும் அந்தக் குவியலை வருஷக்கணக்கில் கரை நெடுகப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. கடலோடு சண்டை போட்டு அலுத்தவர்கள் கடலையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பும் வருஷா வருஷம் மணல் கொட்டுவது அங்கே ஒரு சாதாரண அரசாங்க வேலையாகத்தான் இருந்தது. நம் ஊரில் ரோட்டுக்குத் தார் போடுவது போல. அந்த உதாரணம் சரியில்லைதான், விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஓர் உள்ளூர்க்காரியின் பெருமிதத்துடன், "நல்லவேளை, பெங்களூர்ல கடல் இல்லை" என்றாள்.

கடல் இல்லை. ஏரிகள் இருந்தன. அவள் பஸ் ஏறி இறங்கிய மெஜஸ்டிக்கில், கெம்பே கவுடா பஸ் நிலையம் நிற்கும் இடம் தர்மாம்புதி ஏரி. அவள் கிரிக்கெட்டை விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கும் கால்பந்து ஆட்டம் நடக்கிற கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து போகும்படி அமைத்திருந்த ஏரிகள் அவை. பாண்டிச்சேரியில் மணல் போகிற வழியில் சுவர் வைத்தார்கள். இங்கே தண்ணீர் போகிற வழியில் நாம் குடியிருக்கிறோம். ஒரு பெருமழை பெய்தால் வீட்டுக்குள் வந்து நிற்கும் தண்ணீரைப் பார்த்து, ஊர் கெட்டுப்போச்சு என்கிறோம். தண்ணீர் அதன் பழைய வழியில்தான் வருகிறது. 1979-ல் கடற்கரையில் மணல் இருப்பதை நான் கவனிக்காததுபோல, ஏரி இருந்த காலத்தில் இருந்தவர்களும் அதைப் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள்.

இட்லி ஆறிவிட்டது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கடைசி வருஷத்து பிராஜெக்டுக்கு என்ன எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். நான் அதில் தலையிடவில்லை. மாமாக்கள் யோசனை சொன்னால் அந்த யோசனை உருப்படாது.

காலேஜுக்குக் கிளம்பும்போது வாசலில் ஷூவைத் தட்டினாள். இரண்டு ஷூவையும் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். ஒரு பொடி மணல்கூட விழவில்லை.

"அடுத்த தடவை வீராம்பட்டினம் போறேன் மாமா" என்றாள்.

"அங்கே என்ன இருக்கு? மஞ்சள் சுவர்கூட இல்லையே."

"போன மணல் அங்கேதானே நிக்குது?"

ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு என் பங்காக ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஐரோப்பா கணக்கைப் பற்றி அவள் அப்பாவிடம் இன்னொரு தடவை பேசிப் பார்ப்பதாகவும்.